கேட் பக்கத்துக் கரும்பலகை

தாமதமாக வரும் பிள்ளைகளை வெளியே நிறுத்திப் பார்த்தோம், பெற்றோரை அழைத்துப் பேசினோம். ம்ஹூம். புதிதாக வந்த தலைமையாசிரியை யாரையும் திட்டவில்லை. கேட் பக்கத்துப் பலகையில் தினமும் ஒரு விடுகதை எழுதுவார். முதல் மணி அடித்ததும் அழித்துவிடுவார். விடை மாலையில்தான். இரண்டே வாரம், வாட்ச்மேன் அண்ணனுக்கு முன்பே பிள்ளைகள் நிற்கிறார்கள். (நானும்தான், அது வேறு கதை.)

திட்டாமல், கட்டளை போடாமல் ஆட்களை வரவைப்பதைப் பார்த்ததும், 1950களின் கடைசியில் அன்றைய சென்னை மாநிலக் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நினைவுக்கு வந்தன. அரசிடம் பணம் போதவில்லை. பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று ஊர் முன்னால் பட்டியல் வைத்தார்கள். பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று ஊர்க்காரர்களே கொடுத்தார்கள். வெறும் சுற்றறிக்கைக்கு யார் கொடுத்திருப்பார்கள்?

சரி, இன்றைய விடுகதைக்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.