ஒருத்தனை மட்டும் திருப்பு

ஐடிஐ முடித்த கையோடு கோவையில் ஒரு லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். அங்கே இருந்ததெல்லாம் த்ரீ பேஸ் மோட்டார். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஏதாவது இரண்டு பேஸை மாற்றிப் போட வேண்டியதுதான். ஐந்து நிமிட வேலை. அந்தத் தைரியத்தில்தான் முதலாளி வீட்டு ஷெட்டில் இருந்த குட்டி லேத்துக்கு ரிவர்ஸ் சுவிட்ச் போட்டுத் தருகிறேன் என்று வாயை விட்டேன். டேப் என்கிற மரை வெட்டும் கருவியைத் துளைக்குள் விட்டு மரை எடுத்தபின் டேப்பைத் திருப்பிக் கழற்ற அவருக்கு ரிவர்ஸ் தேவைப்பட்டது. மோட்டார் அரை ஹெச்பி, சிங்கிள் பேஸ், 1440 ஆர்பிஎம், முதுகில் ஒரு கெப்பாசிட்டர்.

பேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்தேன். பழைய பக்கமே சுற்றியது. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை மாற்றினேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கி வரச் சொன்னார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றிக் கொடுக்கும் வைண்டிங் கடை அண்ணனிடம் போய் நின்றேன்.

"உள்ள ரெண்டு வைண்டிங் இருக்குது தம்பி. நீ வெளிய மாத்துனா ரெண்டும் சேர்ந்து திரும்பிக்கும். அப்புறம் எப்படி மோட்டார் திரும்பும்? ஒருத்தனை மட்டும் திருப்பு."

மெயின் வைண்டிங் மட்டும் இருந்தால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். கையால் எந்தப் பக்கம் தள்ளிவிட்டாலும் அந்தப் பக்கம் ஓடும். அந்த முதல் தள்ளைக் கொடுக்கத்தான் ஸ்டார்ட்டிங் வைண்டிங். கெப்பாசிட்டரால் அதன் கரண்ட் மெயினை முந்திக்கொள்கிறது. அதன் இரண்டு முனைகளை மட்டும் மாற்றினால் தள்ளு எதிர்ப்பக்கமாக விழும். ஏட்டில் படித்ததுதான். பரீட்சைக்குப் படம்கூட வரைந்திருக்கிறேன்.

மூடியைத் திறந்தால் வெளியே வந்திருந்தவை மூன்றே ஒயர். இரண்டு வைண்டிங்கின் ஒரு முனையை உள்ளேயே சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நூலை அறுத்து, வார்னிஷ் போட்ட அந்த முடிச்சைச் சூடு காட்டிப் பிரித்து, நான்காவது ஒயரை வெளியே கொண்டுவர அரை நாள் ஆனது. மீட்டரில் ஒன்று 6 ஓம், மற்றது 14 ஓம். கூடுதலாகக் காட்டியது ஸ்டார்ட்டிங்.

ஆறு முனை சுவிட்ச் ஒன்று கைவசம் இருந்தது. நடு இரண்டு முனைகளில் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கைக் கொடுத்து, மூலைக்கு மூலை குறுக்காக ஜம்பர் ஒயர் போட்டேன். நின்ற நிலையிலிருந்து போட்டால் இரண்டு பக்கமும் அழகாகச் சுற்றியது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் லீவரை நடுவில், '0'வில் வைத்தார். மோட்டார் நிற்கவில்லை. ரிவர்ஸுக்குத் தள்ளினார். அப்போதும் முன்பக்கமே ஓடியது.

என் சுவிட்ச் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கை மட்டும்தான் வெட்டியது. மெயினுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டார்ட்டிங் வைண்டிங்கோ, முக்கால் வேகம் வந்ததுமே உள்ளே இருக்கிற, வேகம் ஏறினால் தானே திறந்துகொள்கிற சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் விலகி வேலையை விட்டுப் போயிருந்தது. வேலையில் இல்லாதவனை எந்தப் பக்கம் திருப்பி என்ன? லைனையும் சேர்த்து வெட்டுகிற, நாலு இணைப்பை ஒன்றாக மாற்றும் நாலு போல் (pole) ரோட்டரி சுவிட்ச் வாங்கிப் போட்டேன். நிறுத்தியதும் வேகம் குறைந்து, உள்ளே அந்த சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் மறுபடி சேரும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதற்கப்புறம் மோட்டார் முழுசாக நின்றபின்தான் எதிர்ப்பக்கம் போட வேண்டும் என்று முதலாளியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அவரும் அப்படியேதான் செய்தார். நின்றது, ரிவர்ஸ் போட்டார், மோட்டார் வெடுக்கென்று எதிர்ப்பக்கம் கிளம்பியது. அந்த லேத்தில் வேலைப்பொருளைப் பிடிக்கிற சக், சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் மரையில் திருகி மாட்டுகிற வகை. முன்பக்கம் ஓடினால் இறுகும், பின்பக்கம் ஓடினால்... மூன்றே சுற்றில் கழன்று, லேத்தின் அடிப்பாகமான பெட்டின்மேல் தொம்மென்று விழுந்தது. நல்லவேளை, யார் கையும் கீழே இல்லை.

பெட்டில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. அதற்கும் வயரிங்குக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். முதலாளி இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.