பாமினியில் அடித்த கட்டுரையை இணைய இதழுக்கு அனுப்பிய அனுபவம்

என் பெரியப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி அவர் எழுதி, பல வருடங்களுக்கு முன்பு டிடிபி சென்டரில் கொடுத்து பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வாங்கி வைத்திருந்த ஒரு கட்டுரையை, இணைய இதழுக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார். இதே மாதிரி பழைய கட்டுரைகளைக் கையில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் எங்கெங்கே கவனமாக இருக்க வேண்டியிருந்தது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் எழுத்துரு. பாமினிக் கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஒன்றுமே புரியாது. "பிடிஎஃப் ஆக்கி அனுப்பிடேன்பா" என்றார் பெரியப்பா. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆசிரியர் குழு அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் மறுபடி அதே ஆங்கில எழுத்துகள்தான் வரும். ஒருங்குறியில் (யூனிகோட்) செய்த பிடிஎஃப்பிலும் கொம்பும் காலும் பல நேரம் இடம் மாறிவிடும். இதழ்கள் வேர்ட் கோப்போ கூகுள் டாக்ஸோ கேட்பது இதனால்தான், தயவுசெய்து அதையே கொடுங்கள்.

என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் நொடியில் ஒருங்குறிக்கு மாற்றிவிடும், ஆனால் உண்மையான வேலை அதற்கப்புறம்தான் இருக்கிறது. பழைய எழுத்துருவில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் 'ள' எழுத்துக்கும் ஒரே விசை. அதனால் சில மாற்றிகள் 'வெளியே' என்பதை 'வௌியே' என்றும் 'தெளிவு' என்பதை 'தௌிவு' என்றும் ஆக்கிவிடும், இணையத்தில் இப்படி ஏகப்பட்ட பக்கங்களைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு நேர்மாறாக 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகிவிடுவதும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், தேடினால் மட்டும் கிடைக்காது. வேர்டில் ௌ குறியையும், 'ெ' குறியை அடுத்து 'ள' வரும் இடங்களையும் தேடி ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் வழி, அலுப்பான வேலை, ஆனாலும் விடக்கூடாது. கட்டுரைக்கு நடுவில் இருக்கும் ஆங்கில நூல் பெயர்களை மாற்றிக்குள் போடாமல் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவையும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும்.

ஒற்றுப்பிழைக்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி என்று இலவசக் கருவிகள் இருக்கின்றன. இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். அவை சொல்வதை அப்படியே ஏற்காமல் ஒவ்வொன்றாக யோசித்துத்தான் திருத்த வேண்டும், கல்வெட்டுச் சொற்கள் இருக்கும் கட்டுரையில் ரொம்பவே.

அப்புறம் தகவல் சரிபார்ப்பு, எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமாகப் பட்டது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து ஊர்ச் சபைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் கல்வெட்டுகள் இரண்டு, 919இல் ஒன்று, 921இல் ஒன்று. முதலாவதில் வாரிய (சபையின் குழு) உறுப்பினருக்கு வயது 30க்கு மேல் 60க்குள் இருக்க வேண்டும், இரண்டாவதில் அது 35க்கு மேல் 70க்குள் என்று மாறுகிறது. இணையத்தில் பலர் இரண்டையும் ஒரே கல்வெட்டாக்கிக் கலந்து எழுதிவிடுகிறார்கள், அதைப் பார்த்து அடுத்தவரும் எழுதுகிறார். பெரியப்பா இரண்டையும் பிரித்துத்தான் எழுதியிருந்தார், ஆனால் ஆண்டுகள் அடிக்குறிப்பில் இருந்தன. கட்டுரையைப் பக்கத்தில் ஏற்றும்போது அடிக்குறிப்பு தொலைந்துபோக வாய்ப்பு அதிகம் என்பதால் ஆண்டுகளை வாக்கியத்துக்குள்ளேயே கொண்டுவந்தோம், எடுத்தாண்ட நூலின் பெயரையும் பக்க எண்ணையும் கூடவே கொடுத்தோம்.

படங்களை வேர்டுக்குள் ஒட்டாமல் தனித்தனிக் கோப்பாக அனுப்புங்கள். இந்தக் கல்வெட்டுகள் இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை நாங்களே எடுத்த படங்கள் இருந்ததால் உரிமைச் சிக்கல் வரவில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்து கல்வெட்டு எழுத்தே மங்கிவிடும், மின்னஞ்சலில் மூலப்படத்தை இணைப்பதே நல்லது. கூகுளில் கிடைத்த படத்தை எடுத்துப் போடவே போடாதீர்கள். விக்கிமீடியா காமன்ஸ் படமென்றால் எடுத்தவர் பெயரையும் உரிம வகையையும் படத்தோடு சேர்த்து எழுதுங்கள்.

பதில் வரும்வரை இன்னொரு இதழுக்கு அனுப்பவில்லை, ஃபேஸ்புக்கிலும் போடவில்லை. பெரியப்பாவுக்கு அதில் கொஞ்சம் பொறுமை தேவைப்பட்டது.

கட்டுரை ஏற்கப்பட்டு மெய்ப்பு (வெளியிடும் முன் சரிபார்க்க அனுப்பும் பிரதி) வந்ததும் வரி விடாமல் படித்தோம். '30 குடும்புகள்' என்பதை யாரோ '30 குடும்பங்கள்' என்று திருத்தியிருந்தார்கள். குடும்பு என்பது அந்த ஊரின் தொகுதிப் பிரிவு, ஒவ்வொரு குடும்பிலிருந்தும்தான் ஓலை எழுதிக் குடத்தில் இட்டார்கள், அதைக் குடும்பம் ஆக்கினால் தேர்தல் முறையே மாறிப்போகும். காரணத்தை இரண்டு வரியில் எழுதி அனுப்பினோம், அன்றைக்கே சரிசெய்து வெளியிட்டார்கள்.