ஈராசிரியர் பள்ளிக்கு வந்த ஆண்டாய்வு

வடசென்னையில் ஒரு தேவாலய வளாகத்துக்குள்ளேயே இயங்கும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி எங்களுடையது. பிள்ளைகள் அறுபதுக்கும் குறைவு. என்னையும் சேர்த்து ஆசிரியர்கள் இருவர். இந்த ஆண்டு அங்கீகாரப் புதுப்பிப்பும் வட்டாரக் கல்வி அலுவலரின் ஆண்டாய்வும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. ஈராசிரியர் பள்ளியின் தலைமையாசிரியை ஓர் அலுவலகப் படியேறினால், அன்றைக்கு ஐந்து வகுப்புகளையும் மற்ற ஆசிரியை ஒருவரே கட்டி மேய்க்க வேண்டும். கல்வித் தரத்தைப் பார்க்க நடக்கும் ஆய்வு, அதற்கான தாள்களைச் சேர்க்கும் வாரங்களில் அந்தத் தரத்திலேயே கைவைத்துவிடுகிறது என்பதுதான் இன்னும் ஆறாத என் மனக்குறை.

அங்கீகாரத்துக்கு இணைக்க வேண்டிய நான்கு சான்றுகளில் கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் வழங்கும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று ஆகிய மூன்றும் சிக்கலின்றிக் கிடைத்தன. நான்காவதான தீயணைப்புத் துறைச் சான்றில்தான் இடறியது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீக்கு இரையான பிறகு, இந்தச் சான்றைப் பற்றி முணுமுணுக்க எந்தத் தலைமையாசிரியருக்கும் உரிமையில்லை. தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தவர்களும் தீயணைப்பான், மணல் வாளிகள், வெளியேறும் வழி என்று எல்லாவற்றையும் பொறுப்பாகவே பார்த்தார்கள். ஆனால் சொத்துவரி ரசீது தேவாலய நிர்வாகத்தின் பெயரில் இருந்ததால், சான்றும் அந்தப் பெயரிலேயே வந்துவிட்டது. கல்வி அலுவலகத்தில் பிரிவு எழுத்தர் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, “இது சர்ச்சுக்கு வாங்கின சான்று. ஸ்கூலுக்கு எங்கம்மா?” என்று கோப்பைத் தள்ளிவிட்டார்.

பெயரைத் திருத்தி வாங்கி மறுபடியும் போய் நின்றபோதுதான், விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட எங்கள் சபையின் ஆயருக்கு, தாளாளராக, அதாவது பள்ளி நிர்வாகத்தின் சார்பில் கையொப்பமிடும் பொறுப்பாளராக, ஒப்புதல் ஆணை இல்லை என்றார் அந்த எழுத்தர். பழைய ஆயர் மாற்றலாகிப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. புதியவரைத் தாளாளராக ஏற்கக் கோரி நாங்கள் அனுப்பிய கருத்துரு அதே அலுவலகத்தில், அவருடைய மேசைக்கு இரண்டு மேசை தள்ளித்தான் கிடந்தது. இரண்டு குறைகளையும் முதல் நாளே சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆகவே சபைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் எந்தச் சான்றுக்கும் விண்ணப்பிக்கும் முன், கடைசி அங்கீகார ஆணையில் பள்ளியின் பெயரும் கதவிலக்கமும் எப்படி உள்ளனவோ அதை எழுத்துப் பிசகாமல் படியெடுத்துக்கொள்ளுங்கள். வளாகத்தில் இந்தக் கட்டடம் பள்ளியின் பயன்பாட்டுக்குரியது என்று நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். ஆயர் மாறிய வாரமே தாளாளர் மாற்றக் கருத்துருவை அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கருத்துரு அங்கேயே கிடக்கிறது என்று நிறுவ உதவியது அந்த முத்திரைதான். சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே, நமக்கெதற்கு இதெல்லாம் என்று சபைக் குழுவில் ஒருவர் கேட்டார். ஆசிரியர் ஊதியம் அரசிடமிருந்து வருகிறது; அங்கீகாரமும் ஆய்வும் அந்தத் தீர்ப்பால் நின்றுவிடவில்லை என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

ஆண்டாய்வன்று முற்பகல் முழுவதும் பதிவேடுகளோடு கழிந்தது. சேர்க்கை நீக்கல் பதிவேடு, வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு எல்லாம் சரியாக இருந்தன. தளவாடப் பதிவேட்டில் மட்டும் இரண்டு பெஞ்சுகள் இருப்பில் குறைந்தன. தேவாலயத்தின் அறுப்பின் பண்டிகைக்கு (அறுவடை நன்றித் திருவிழா) இரவல் போனவை தேவாலயத்தின் பின்வரிசையிலேயே தங்கிவிட்டன. அலுவலரிடம் ஜன்னல் வழியாக அவற்றைச் சுட்டிக்காட்டினேன். அவர் சிரித்தார், ஆனாலும் குறிப்பெழுதிக்கொண்டார்.

பிற்பகலில் ஒருவழியாக வகுப்பறைக்குள் வந்தார். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி, கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்களாகப் பிரித்து உட்கார வைத்திருந்த பிள்ளைகளில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அழைத்து, பாடநூலை விட்டுவிட்டு அன்றைய செய்தித்தாளைக் கொடுத்தார். புழல் ஏரியின் நீர்வரத்துச் செய்தியை விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனவள், “கன அடி” என்ற இடத்தில் நின்று, “கன அடின்னா என்ன சார்?” என்று அவரையே கேட்டுவிட்டாள். அவர் சுண்ணக்கட்டியை வாங்கித் தரையில் ஒரு பெட்டி வரைந்து, நீளம், அகலம், உயரம் எல்லாம் ஓரடி என்று விளக்கத் தொடங்க, மொட்டுக் குழுவும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டது. அந்தக் கால் மணி நேரத்தைத்தான் தரத்தைப் பார்த்த நேரமாக நான் கணக்கில் வைப்பேன்.

ஆய்வறிக்கையில் அதற்கு “வாசிப்புத் திறன் நன்று” என்ற ஒற்றை வரிதான் கிடைத்தது. பெஞ்சு விவகாரத்துக்கோ ஒரு முழுப் பத்தி. குறை நிவர்த்தி அறிக்கையை உரிய நாளுக்குள் அனுப்பிவிட்டேன், அங்கீகார ஆணையும் கைக்கு வந்துவிட்டது. பெஞ்சுகளும் திரும்பி வந்தன. ஒன்றின் கால் ஆடுகிறது, அதையும் தளவாடப் பதிவேட்டில் ஏற்றி, தாளாளரிடம் கையொப்பம் வாங்கி வைத்திருக்கிறேன்.