அறையில் ஊதிய வர்ணமும் அரங்கில் ஊதிய வர்ணமும்

ஒலிப்பதிவில் அப்பழுக்கின்றி ஒலிக்கும் கலைஞர் மேடையில் சற்றே மாறிக் கேட்டால், பதற்றம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதில் பதற்றம் எவ்வளவு, பௌதிகம் எவ்வளவு என்று பிரித்தறியும் ஆசையில், பொழுதுபோக்காகக் குழல் ஊதும் நான், ஐந்து கட்டைச் சுருதிக் குழலில், பைரவி ராக அட தாள வர்ணத்தை (கச்சேரியின் தொடக்கத்தில் வாசிக்கும் வகை உருப்படி) குளிரூட்டிய ஒலிப்பதிவு அறையிலும், மின்விசிறி மட்டுமே உள்ள சிறிய அரங்கில் நண்பரின் மிருதங்கத்துடனும் வாசித்து, இரண்டு பதிவுகளையும் ஆடாசிட்டி மென்பொருளில் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது சுருதி. குழலின் சுருதி, அதனுள் இருக்கும் காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப் பொறுத்தது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அந்த வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போனால் கணக்குப்படி ஏறத்தாழ 30 சென்ட் ஏற வேண்டும். நூறு சென்ட் ஓர் அரைக் கட்டை (ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரம்) என்பதால், இது அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஊதுபவரின் மூச்சே குழலைச் சூடாக்கிவிடுவதால் நடைமுறையில் ஏற்றம் அதைவிடக் குறைவு. அரங்கில் என் ஷட்ஜம் (ஆதார ஸ்வரமான ‘ஸ’), அறையில் ஒலித்ததைவிட 18 சென்ட் உயர்ந்திருந்தது. வீணையானால் பிரடையைத் திருகிச் சரிசெய்யலாம். மூங்கிலில் துளை போட்டது போட்டதுதான். சுருதிப் பெட்டியை நுணுக்கமாக ஏற்றிக்கொள்ளலாம் என்றாலும், மிருதங்கத்தை முன்பே சுருதி சேர்த்துவிட்டிருந்தால் அதையும் தட்டி ஏற்ற வேண்டும். குழலை உதட்டை நோக்கிச் சற்று உருட்டி ஊதினால் சுருதி இறங்குகிறது. தேர்ந்த வித்வான்கள் முதல் சில ஆவர்த்தனங்களுக்குள் (தாளச் சுற்றுகளுக்குள்) இதை யாரும் அறியாதபடி செய்துவிடுகிறார்கள்; எனக்கோ வர்ணத்தின் முதற்பாதியை முடிக்கும் முக்தாயி ஸ்வரம் வரை ஆனது.

குளிரூட்டிய வேறோர் அரங்கில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் தனித்து வாசிக்கும் பகுதி) முடியும்வரை மடியில் கிடந்த குழல் குளிர்ந்துபோக, மீண்டும் எடுத்ததும் முதல் ஸ்வரம் தாழ்ந்தே ஒலித்தது. தனியை முடித்துவைக்கும் லயக் கோர்வையின்போது துளைகளை மூடிக்கொண்டு ஓசையின்றி வெதுவெதுப்பான மூச்சைச் செலுத்தினால் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

காலப்பிரமாணத்துக்கு, அதாவது வாசிப்பின் வேகத்துக்கு, இப்படிப் பௌதிகத்தின் மேல் பழி போட முடியவில்லை. அறையில் காதில் தாளக்கருவி ஒலித்துக்கொண்டிருந்ததால் நிமிடத்துக்கு 60 அட்சரம் (தாள எண்ணிக்கை) கடைசிவரை நின்றது; பிசிறிய இடத்தை மட்டும் திரும்ப வாசித்து ஒட்டவும் முடிந்தது. அரங்கில் 60-இல் தொடங்கிய வர்ணம் 67-இல் முடிந்தது. வேகம் ஒரே இடத்தில் தாவவில்லை. நான் மூச்சு எடுத்த ஒவ்வொரு முறையும் அடுத்த சொற்கட்டை மயிரிழை முன்னதாக எடுத்திருக்கிறேன், நண்பரும் உற்சாகமாகக் கூடவே வந்திருக்கிறார். கேட்பதற்கு அரங்கப் பதிவுதான் உயிரோட்டமாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்து, பெரியவர்களின் பதிவுகளையும் இப்படி அளக்க முனைந்து, மாலி என்ற புல்லாங்குழல் மேதை டி.ஆர். மகாலிங்கத்தை (1926–1986) எடுத்துக்கொண்டேன். இன்று எப்படி வாசிப்பார் என்பதை ரசிகர்களால்கூட ஊகிக்க முடியாத கலைஞர் அவர். கச்சேரியைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோனதும் உண்டு. ஆனால் பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடமே இடம் என்பதால், அதையும் விரிவான கச்சேரிப் பதிவையும் நேருக்கு நேர் வைப்பது நியாயமாகப் படவில்லை. கச்சேரி நாடாக்களிலோ வேறொரு சிக்கல்: நாடா 6 விழுக்காடு வேகமாக ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், காலப்பிரமாணமும் அதே அளவு கூடும். அது கலைஞரின் ஓட்டமா கருவியின் ஓட்டமா என்று காதால் சொல்ல இயலாது.

இதற்கு ஒரு வழி தென்படுகிறது. அரங்கப் பதிவுகள் பலவற்றில் அடியில் மின்சார இரைச்சல் மெல்லக் கேட்கும். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். அது 53-இல் தெரிந்தால் நாடா 6 விழுக்காடு வேகமாக ஓடுகிறது என்று கொள்ளலாம். அந்நாளைய மின்வழங்கலின் அலைவெண்ணே ஏறி இறங்கியிருக்கும் என்பதால் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடுகளை இதைக் கொண்டு தீர்மானிக்கப் போவதில்லை.