பேட்டர்ன் வாங்கித் தைத்த பையை விற்க அனுமதி வாங்கிய அனுபவம்

தேக்கடிக்கு வருகிறவர்கள் குமுளியில் ஏலக்காய், மிளகு வாங்காமல் திரும்புவதில்லை. அந்த மசாலாக் கடைகளில் ஒன்றுக்குத்தான் நான் துணிப்பை தைத்துக் கொடுக்கிறேன். அதன் பேட்டர்ன், அதாவது துணி வெட்டித் தைப்பதற்கான வரைபடம், என்னுடையது இல்லை. அமெரிக்காவில் ஒரு பெண் வரைந்தது, காசு கட்டி பிடிஎஃப்பாக வாங்கினேன். முன்பாக்கெட்டில் ஒரு யானை அப்ளிக் வரும், துணியில் உருவத்தை வெட்டி மேலே வைத்துத் தைப்பது. வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும்தான் தைத்துக்கொண்டிருந்தேன். என் தோளில் கிடந்த பையைப் பார்த்த கடைக்காரர், “இதுபோல நிறையத் தைத்துத் தர முடியுமா சேச்சி?” என்று கேட்டார். கூடவே, “வெளிநாட்டுக்காரங்க வர்ற இடம். பின்னால யாரும் கேள்வி கேட்காத மாதிரி ஒரு பேப்பர் இருக்கட்டும்” என்றார். அவர் சொன்னது நியாயம். பிடிஎஃப்பின் கடைசிப் பக்கத்திலேயே, சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்கத் தைப்பதானால் எழுதிக் கேட்கவும் என்று இருந்தது.

கம்பத்தில் எனக்குக் கட்டிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டர், “காசு கொடுத்து வாங்கியாச்சு, அப்புறம் யார் கேட்பா?” என்றார். தெரிந்த இன்னொருவர் ஒரு பை விற்றாலே கேஸ் வரும் என்று பயமுறுத்தினார். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. உத்தமபாளையம் கோர்ட்டில் இருக்கும் ஒரு வக்கீல் அக்காவிடம் பையையும் பிடிஎஃப்பையும் கொண்டுபோய் வைத்தேன்.

பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் பேட்டர்ன் தாள், பை, யானை, நீ கொடுத்த வாக்கு என்று நாலு விஷயம் இருக்கு. தனித்தனியாகப் பார்” என்றார்.

தாளில் குழப்பமே இல்லை. 1957-ஆம் வருடத்துக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் வரைபடத்தையும் கலைப்படைப்பில்தான் சேர்க்கிறது. வரைந்தவர் அமெரிக்காவில் இருந்தாலும், காப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இரண்டு நாடும் இருப்பதால் இங்கேயும் பாதுகாப்பு உண்டு. அந்தத் தாளை நகலெடுத்து விற்கவோ பரப்பவோ கூடாது. தையல் வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவர் வாங்கிய பிடிஎஃப்பை எல்லோருக்கும் தள்ளிவிடுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும். அதை வரைய ஒருத்தி எத்தனை முறை துணி வெட்டிப் பார்த்திருப்பாள்!

பைதான் சிக்கல். சாமான் போடும் ஒரு பையின் வடிவத்துக்கு அமெரிக்கச் சட்டம் காப்புரிமை தருவதில்லை. அது பயன்பாட்டுப் பொருள். அதன் மேல் இருக்கும் படத்துக்கு உண்டு. 2017-இல் ஸ்டார் அத்லெட்டிகா வழக்கில் சியர்லீடர் சீருடையின் அலங்கார வடிவங்களைப் பற்றி அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பளித்தது. நம் சட்டத்திலோ தாளில் இருக்கும் படத்தை முப்பரிமாணப் பொருளாக்கும் உரிமையும் வரைந்தவருக்கே. முழுக்க முழுக்கப் பயன்பாட்டுக்கான பாகமாக இருந்தால் அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதே சட்டத்தில் இன்னொன்று, பிரிவு 15(2). வடிவமைப்புச் சட்டத்தில் பதியத்தக்க வடிவத்தைப் பதியாமலே விட்டு, அந்தப் பொருளைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் தயாரித்துவிட்டால் காப்புரிமை போய்விடும். ஆனால் அந்தத் தயாரிப்பை உரிமையாளர் செய்திருக்க வேண்டும், அல்லது அவர் அனுமதி பெற்றவர் செய்திருக்க வேண்டும். நானாக 51 பை தைத்துவிட்டு இனிப் பயமில்லை என்று சொல்ல முடியாது. பலர் இதைத் தப்பாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

“பை வடிவத்துக்காக மட்டும் என்றால் வாதாட இடம் இருக்கு” என்றார் அக்கா. “ஆனால் யானை அவள் வரைந்த படம். கடைசிப் பக்கத்து நிபந்தனையைப் பார்த்துத்தானே காசு கட்டினாய்? அது ஒப்பந்தம். ஒரு மெயில் போட்டுக் கேட்பதில் என்ன கஷ்டம்?” தமிழ்நாடு-கேரள பார்டருக்கு இந்தப் பக்கம் விற்றால் ஒன்று, அந்தப் பக்கம் விற்றால் ஒன்று என்றெல்லாம் கிடையாது, இது மத்தியச் சட்டம் என்பதையும் சொன்னார்.

மெயிலில் சுற்றி வளைக்காமல் எழுதினேன். எந்தப் பேட்டர்ன், மாதத்தில் சுமாராக எத்தனை பை, எந்த மாதிரிக் கடை, என்ன விலை, யார் தைப்பது எல்லாம் சொன்னேன். கைப்பிடியை என் நாத்தனார்தான் தைத்துத் தருவார். அதையும் மறைக்காமல் எழுதி, அது சரியா என்று கேட்டேன். பையின் போட்டோவும் வைத்தேன்.

அப்புறம் யானை. அவர் வரைந்தது ஆப்பிரிக்க யானை, காது விசிறி மாதிரி அகலம். தேக்கடியில் படகில் போய் யானை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தக் காது பொருந்தாது. கொஞ்சம் வெட்டிச் சின்னதாக்கினால் போதும் என்று நினைத்தேன். படத்தை மாற்றிப் பயன்படுத்துவதற்கும் வரைந்தவரின் அனுமதி வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்ததால் அதையும் கேள்வியாகவே வைத்தேன்.

பதில் அன்பாகவே வந்தது. வருடத்துக்கு ஒரு சிறு தொகை கட்டினால் விற்கலாம். வீட்டு ஆட்கள் சேர்ந்து தைக்கலாம், வெளியே ஜாப் வொர்க்குக்குக் கொடுக்கக் கூடாது. லேபிளில் பேட்டர்ன் வரைந்தவர் என்று அவர் பெயர் இருக்க வேண்டும். யானையை மட்டும் மாற்ற வேண்டாம், வேண்டுமானால் எடுத்துவிட்டு உன் படத்தைப் போட்டுக்கொள் என்றார். எனக்கு அதுதான் பிடித்தது. நான் வரைந்த படத்தை இன்னொருத்தி வெட்டுவதை நானும் விரும்பமாட்டேன்.

நம் சட்டப்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். அதனால் நிபந்தனைகளை ஒரு பக்கத்தில் தொகுத்து, இருவரும் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டோம். கடைக்காரரிடம் ஒரு நகல் இருக்கிறது.

யானையை நானே வரைந்தேன். சின்னக் காது, மேடான முதுகு, கொஞ்சம் சுருண்ட தும்பிக்கை. சாம்பல் காட்டனில் வெட்டி, விறைப்புக்குக் கீழே பக்ரம் துணி வைத்து, ஓரத்தை நெருக்கமான ஜிக்ஜாக்கில் அடித்தால் காதின் வளைவு பிசிறில்லாமல் வருகிறது. இதைப் பதிவு செய்யலாமா என்றும் விசாரித்தேன். வரைந்த உடனே காப்புரிமை வந்துவிடும், பதிவு கட்டாயம் இல்லை. பொருளில் போடும் படம் என்றால் கட்டணம் 2,000 ரூபாய், டிரேட்மார்க் அலுவலகத்துச் சான்றிதழும் கேட்பார்கள். இப்போதைக்கு முதல் பென்சில் வரைபடத்திலிருந்து எல்லாவற்றையும் தேதி போட்டு ஃபைலில் வைத்திருக்கிறேன். விற்பனை கூடினால் பதிந்துகொள்வேன்.

அடுத்து அதே கடைக்காரர் குழந்தைகளுக்குக் கார்ட்டூன் உருவம் போட்ட பை கேட்டார். அது வேறு ஆளின் படம், டிரேட்மார்க்கும் இருக்கும் என்று சொல்லி மறுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு சிங்கவால் குரங்கு வரைந்துகொண்டிருக்கிறேன், பிடரி இன்னும் சரியாக வரவில்லை.