கொசப்பேட்டை ஆயா

மே 4, சனி

இன்று கத்திரி தொடங்குகிறது. வேலூர் வெயிலுக்கு முந்திக்கொள்ள ஆறரைக்கே கொசப்பேட்டை போய்விட்டேன். ஆயா திண்ணையில் உட்கார்ந்து களிமண் பிசைந்துகொண்டிருந்தார். எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கம் மெத்தென்று விழுந்தது. படமெடுக்க அதுவே போதும்.

யாஷிகா கேமராவில் எச்பி5 கறுப்பு-வெள்ளை ஃபிலிம் ரோல், மொத்தம் 12 படம். கன்னத்தின் வெளிச்சத்தை அளந்தால், லென்ஸ் திறப்பு எஃப் 4-க்கு 1/60 விநாடி என்றது மீட்டர். மீட்டருக்கு எதைக் காட்டினாலும் 18 சதவீதச் சாம்பல், அதாவது நடுச்சாம்பல்தான். கறுத்த முகத்தையும் வெளுக்கவைத்துத்தான் கணக்குச் சொல்லும். அதனால் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறைத்து 1/125 வைத்தேன். ஆயாவின் கறுப்பு கறுப்பாகவே வர வேண்டும்.

உள்ளே அவருடைய கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. நெகட்டிவின் மேல் பென்சிலால் டச்சிங் செய்து முகத்தை வெளுப்பாக்கியிருக்கிறார்கள். தழும்பு, மச்சம் எதுவுமே இல்லை. "அது நானே இல்ல கண்ணு" என்றார். ஐம்பது வருடத்துக்கு மேலாக அதற்குக் கீழேதான் தூங்கி எழுகிறார். எனக்கு மனசு கேட்கவில்லை.

மே 5, ஞாயிறு

குழாய்த் தண்ணீர் 33 டிகிரி. படத்தை வெளிக்கொண்டுவரும் டி-76 டெவலப்பரில் சரிபாதி தண்ணீர் கலந்து ஃபிலிமைக் கழுவினால் 20 டிகிரியில் 11 நிமிடம். சூடு ஏற ஏற நேரம் குறையும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் சீராக வராது. போன கோடையில் அப்படித்தான் ஒரு ரோல் திட்டுத்திட்டாகப் போனது. இன்று ஐஸ் வாங்கிவந்து டெவலப்பர், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ, அலசும் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் குளிரவைத்தேன். நிமிடத்துக்கு நாலு தடவை ஃபிலிம் டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்தினேன்.

ஏழாவது நெகட்டிவில் ஆயா நேராகப் பார்க்கிறார். கண்ணில் தெருவே தெரிகிறது.

மே 11, சனி

பிரிண்ட். ஒரு துண்டுத் தாளில் வெளிச்சத்தை நாலு நாலு விநாடியாகக் கூட்டி டெஸ்ட் ஸ்டிரிப் போட்டேன். எட்டில் கன்னம் வெளுத்தது, பதினாறில் சுருக்கம் எல்லாம் இருட்டில் போனது. பன்னிரண்டில்தான் ஆயா வந்தார். சிவப்பு விளக்கில், டெவலப்பர் தட்டின் அடியிலிருந்து முதலில் புருவம், அப்புறம் மூக்குத்தி.

சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். காதோரம் காய்ந்திருந்த களிமண்ணை, படத்திலேயே நகத்தால் சுரண்டினார்.

"மண்ணு ஒட்டினு இருக்குதே, சொல்லக்கூடாதா கண்ணு?"