பத்துச் சொட்டு ரத்தம்

பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் செப்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தாகும் கிருமித்தொற்று, பற்றிய ஓர் ஆய்வில் ஸ்டடி நர்ஸாகச் சேர்ந்தபோது, நரம்பு தேடுவதுதான் பெரும்பாடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றரைக் கிலோ குழந்தையின் நரம்பு தையல் நூல் கனம்தான் இருக்கும். ஆனால் அதைவிட எங்களைப் படுத்தியது ஒப்புதல் படிவம்.

ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குவார். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான், ஆய்வு நெறிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும். எங்கள் படிவம் அதையெல்லாம் ஒழுங்காகத் தாண்டிப் போய், கமிட்டியில் மாட்டியது. அங்கே மருத்துவம் சாராத உறுப்பினர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற டீச்சர். "குருதி வளர்ப்புச் சோதனைன்னா என்னம்மா, ரத்தத்தை வளர்ப்பீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

'ரத்தத்தில் கிருமி இருக்கிறதா, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்கும் டெஸ்ட்' என்று மாற்றினோம். அந்த டெஸ்டை எப்படியும் எடுப்பார்கள். ஆய்வுக்காகக் கூடுதலாகக் கேட்பது அரை மில்லி. அது புரியாது என்று 'பத்துச் சொட்டு' என எழுதினோம். அதற்கும் ஒரு பாட்டி, "பத்துச் சொட்டா! பிள்ளை உடம்பில இருக்கிறதே அவ்வளவுதானே" என்று பதறிப்போனார். அரை மில்லி என்றே விட்டிருக்கலாமோ என்று அன்றைக்குத் தோன்றியது.

கேட்கிற நேரமும் சரியில்லாத நேரம். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும். தாய் சிசேரியன் முடிந்து வேறு மாடியில், அப்பா செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில். ரத்தம் எடுத்த கையோடு ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகளை ஆரம்பித்துவிடுவார்கள். கையெழுத்துக்காகச் சிகிச்சை காத்திருக்காது. 'சேராவிட்டாலும் வைத்தியம் குறையாது' என்ற வரியை நான் எப்போதும் இரண்டு முறை படிப்பேன். படிக்கத் தெரியாதவர்களிடம், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டுதான் கைரேகை வாங்க வேண்டும். ராத்திரியில் சாட்சி கிடைப்பது குதிரைக் கொம்பு.

"இங்கதான் மருந்து குடுக்கிறீங்களே, அப்புறம் ஆராய்ச்சி எதுக்கு?" என்று கேட்டார் ஒரு அப்பா. நியாயமான கேள்விதான். டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வைப் பற்றிச் சொன்னேன். அங்கே அதிகம் கிடைத்த கிருமி அசினெட்டோபாக்டர். அதில் பெரும்பகுதி பல மருந்துகளுக்கு அடங்காதது. பணக்கார நாடுகளின் புத்தகத்தில் பச்சிளங்குழந்தைத் தொற்றுக்கு முதலில் வருவது பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வேறு கிருமி. நம் ஊர்க் கிருமியை நாம்தான் பார்க்க வேண்டும் என்றேன். யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போடாமல் போனவர்களும் உண்டு. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

சேர்த்த பிறகு, குழந்தை பிறந்த 28-ஆம் நாள் விசாரிக்க வேண்டும். பச்சிளம் பருவம் என்று கணக்கு வைப்பது அதுவரைதான். படிவத்தில் இருப்பது கணவர் நம்பர், அவர் திருப்பூரில் வேலையில். தாயும் பிள்ளையும் அம்மா வீட்டில். முதல் மாதத்திலேயே பலரைத் தவறவிட்டோம். அப்புறம்தான் பாட்டி நம்பரையும் கிராம சுகாதாரச் செவிலியர் நம்பரையும் சேர்த்து வாங்க ஆரம்பித்தேன்.

போன் எடுத்தாலும் ஒரு சிக்கல். 'குழந்தை நலமா?' என்று கேட்டால் கண்ணுபடும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "ஏதோ இருக்கான்" என்பார்கள். அதை எந்தக் கட்டத்தில் டிக் செய்வது? அந்தக் கேள்வியோடு, பால் எப்படிக் குடிக்கிறான் என்றும் கேட்கத் தொடங்கினேன்.

"குடிக்கிறதுக்கென்ன, குடிச்சுட்டு என் புடவையெல்லாம் கக்கி வைக்கிறான்" என்றார், அன்று பத்துச் சொட்டுக்குப் பதறிய அதே பாட்டி.